டைமர் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் புது த்ரெட் வேணுமா?

குட்டிலிப்சி: லினக்ஸுக்குச் சின்னதா ஒரு சி லைப்ரரி (ப்ரோக்ராம்களுக்கான அடிப்படை ஃபங்ஷன் தொகுப்பு) எழுதிட்டிருக்கேன். டைமர் உருவாக்குற டைமர்_கிரியேட்ல, நேரம் ஆனதும் சிக்னல் அனுப்பச் சொல்ற சிக்எவ்_சிக்னல் வேலை செய்யுது. நேரம் ஆனதும் நாம கொடுத்த ஃபங்ஷனைத் தனி த்ரெட்ல (ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடுற ஓட்டம்) ஓட்டச் சொல்ற சிக்எவ்_த்ரெட்லதான் மாட்டிக்கிட்டேன். கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) சிக்னல் மட்டும்தான் அனுப்பும், ஃபங்ஷனைக் கூப்பிடுறது நம்ம பொறுப்பு. இதை எப்படிப் பண்றது, லினக்ஸோட வழக்கமான சி லைப்ரரி ஜிலிப்சி 2.34 வழியா, இன்னொரு சின்ன சி லைப்ரரி மஸ்ல் வழியா?

நூல்கண்டு: ஜிலிப்சிதான். எல்லா டைமருக்கும் சேர்த்து ஒரே உதவி த்ரெட் காத்திருக்கும். அடிச்சதும் புது த்ரெட் கிளப்பி அதுல ஃபங்ஷனை ஓட்டும். யுனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதி போசிக்ஸும் "புதுசா உருவான த்ரெட்ல ஓடுற மாதிரி"ன்னுதான் சொல்லுது.

பழையகெர்னல்: "மாதிரி"ன்னுதானே? அந்த ஒரு சொல்லைத்தான் மஸ்ல் பிடிச்சுக்கிட்டது. டைமருக்கு ஒரு த்ரெட், அதுவே திரும்பத் திரும்ப ஓடும். ஃபங்ஷன் உள்ள த்ரெட்டை முடிக்கிற பித்ரெட்_எக்ஸிட் கூப்பிட்டாலும், பழைய இடத்துக்குத் தாவுற லாங்ஜம்ப் போட்டுத் திரும்பி வந்துடும். 1 மில்லிசெகண்ட் டைமருக்கு செகண்டுக்கு 1000 த்ரெட் பெத்துப் போடுறதெல்லாம் ஒரு டிசைனா?

நூல்கண்டு: 1 மில்லிசெகண்டுக்கு சிக்எவ்_த்ரெட் யாரு போடச் சொன்னா? உங்க வழியில 100 டைமர்னா 100 த்ரெட் சும்மா படுத்திருக்கும்.

பழையகெர்னல்: தூங்குறவன் சோறு கேக்க மாட்டான். அடிக்கிற நேரத்துல மெமரி இல்லன்னா உங்க ஆள் என்ன பண்ணுவார்? கோடைத் திறந்து பாருங்க, மெமரி கேக்குற மாலக் தோத்தா அந்த அடி சத்தமில்லாம காணாமப் போகும். மஸ்ல்ல த்ரெட் கிடைக்கலன்னா டைமர்_கிரியேட்டே எரர் தந்துடும்.

நூல்கண்டு: அது ஓட்டைதான், ஒத்துக்கிறேன். ஆனா ஃபங்ஷன் இழுத்துட்டா உங்களுதுல அடுத்த அடி காத்துக் கிடக்கும். அதுக்கு மேல வர்றதெல்லாம் ஓவர்ரன் (தவறிப்போன அடிகள்) கணக்குல போயிடும்.

பழையகெர்னல்: அந்தக் கணக்கைச் சொல்ற டைமர்_கெட்ஓவர்ரன் பிறகு எதுக்கு இருக்கு? உங்க வழியில ஒரே ஃபங்ஷன் ரெண்டு த்ரெட்ல ஒண்ணா ஓடும். லாக் போடாம விட்டு, ராத்திரி 2 மணிக்கு அந்த பக்கைத் தேடினவன் நான்.

வழிப்போக்கன்: ரெண்டும் வேணாம். லினக்ஸ் 2.6.25லேர்ந்து டைமரை ஃபைல் மாதிரி படிக்க விடுற டைமர்எஃப்டி இருக்கு, பல ஃபைலை ஒண்ணா கவனிக்கிற ஈபோல்ல சேர்த்துட்டுப் போங்க.

குட்டிலிப்சி: நான் எழுதுறது லைப்ரரி ஐயா, ஆப் இல்ல. போசிக்ஸ்ல இருக்குறதைக் கொடுக்காம எப்படி விடுறது?

வழிப்போக்கன்: மேக்ஓஎஸ்ல டைமர்_கிரியேட்டே கிடையாது. அவங்க காலம் தள்ளலையா?

குட்டிலிப்சி: 😀 சரி, மஸ்ல் வழியில எழுதிப் பாக்குறேன். ஃபோர்க் ஆனா (ப்ராசஸ் தன்னை நகல் எடுத்துப் பிள்ளை ப்ராசஸ் உண்டாக்கினா) என்ன ஆகும்?

நூல்கண்டு: டைமர் பிள்ளை ப்ராசஸுக்குப் போகாது. ரெண்டு வழியிலயும் அதே கதைதான்.

பழையகெர்னல்: டைமர் போகாது சரி, உதவி த்ரெட்டும்தான் போகாது. அது உயிரோட இருக்குன்னு பிள்ளை நம்பிடக்கூடாதுன்னு ஜிலிப்சி 2.34 அட்ஃபோர்க்ல (ஃபோர்க் ஆகும்போது ஓடுற கோடு) தனியா ரீசெட் பண்ணுது, அதையும் சொல்லுங்க அண்ணே.