காரைக்கால் வண்டிக்குத் தமிழ்நாட்டு நம்பர்: இல்லாத பர்மிட்டை சரண்டர் செய்யச் சொல்கிறார்கள், அவசரம்

டெல்டா_பிக்கப்: பிஒய் 02 (காரைக்கால் பதிவு) பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றப் போனால் பர்மிட் (சரக்கு ஏற்றி ஓட்டும் அனுமதி) சரண்டர் செய்த சான்று கேட்கிறார்கள். விற்றவர் பர்மிட்டே எடுத்ததில்லையாம். சம்பா அறுவடை நடக்கிறது. மூட்டை பனியில் கிடந்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். வழி சொல்லுங்கள்.

குடந்தை_லாரி: தம்பி, ஆர்.சி.யில் மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்த்து) எவ்வளவு? லோன் உண்டா? காரைக்காலில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கியாச்சா?

நாகூர்_சரக்கு: இது ஃபைனான்ஸ் விவகாரம்தான். படிவம் 35 கொடுத்து அடமானக் குறிப்பை நீக்கினால் எல்லாம் சரியாகும். நான் பார்த்த எல்லா வண்டியிலும் சிக்கல் அங்கேதான்.

பழைய_பதிவேடு: ஆர்.சி.யைக்கூடப் படிக்காமல் இங்கே வந்து கேட்கிறீர்கள். வேறு மாநில வண்டிக்குப் படிவம் 27, 28, 29, 30 வேண்டும். முதலில் எடையைச் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி_வைக்கோல்: பர்மிட் முறையையே ஒழிக்க வேண்டும் ஐயா. தரங்கம்பாடியிலிருந்து நாகூருக்கு நேர் சாலையில் போனால் நடுவில் காரைக்கால் வந்துவிடுகிறது. ஒரே ஆற்றுப் பாசனம், ஒரே நெல். வண்டிக்கு மட்டும் இரண்டு அரசு.

பழைய_பதிவேடு: ஒழிப்பது புதிதல்ல. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956 திருத்தம் வழியாக மாநிலங்களுக்கிடைப் போக்குவரத்து ஆணையம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். 1989 ஜூலை 1-இல் அமலான 1988 சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. வரலாறு தெரியாமல் பேசக்கூடாது.

திருத்துறைப்பூண்டி_வைக்கோல்: ஆணையம் போனது, கவுண்டரில் நிற்பது போகவில்லையே. எங்களுக்கு எது முக்கியம்?

குடந்தை_லாரி: பர்மிட்டை மொத்தமாக எடுத்தால், வருடம் 16,500 ரூபாய் கட்டி நேஷனல் பர்மிட் ஓட்டும் எங்கள் கதி? வெளியூர் வண்டி பாதி வாடகைக்கு வந்து நிற்கும். சிறு வண்டிக்கு வேண்டாம் என்பது வேறு, எல்லாருக்கும் வேண்டாம் என்பது வேறு.

திருத்துறைப்பூண்டி_வைக்கோல்: வாடகையைக் காப்பாற்றுவது பர்மிட்டின் வேலை இல்லை அண்ணே.

டெல்டா_பிக்கப்: எடை 2,960 கிலோ. லோன் இல்லை. என்.ஓ.சி. கையில் இருக்கிறது.

பழைய_பதிவேடு: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 1988 சட்டம் 66(3) பிரிவு: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. எடுக்கத் தேவையே இல்லாத பர்மிட்டை யார் சரண்டர் செய்ய முடியும்? பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதி, ஆர்.சி. நகலோடு கொடுத்து, கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாயால் சொன்னால் திருப்பி அனுப்புவார்கள்.

நாகூர்_சரக்கு: இருந்தாலும் அடமானக் குறிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குடந்தை_லாரி: எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) தேதியையும் பாருங்கள் தம்பி. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். அது முடிந்திருந்தால் அடுத்த தடை அதுதான்.

டெல்டா_பிக்கப்: மனுவை வாங்கிக்கொண்டார்கள். நம்பர் இன்னும் வரவில்லை. நன்றி.

குடந்தை_லாரி: தமிழ்நாட்டு வரி கட்டியாச்சா?