சுவரில் ஓட்டை போடாமல் ஹெல்த் ஃபாசெட் (டாய்லெட்டில் கழுவ உதவும் கை ஷவர்) மாட்ட முடியுமா?

பெங்களூர் அல்சூரில் வாடகை வீடு. வெஸ்டர்ன் டாய்லெட்தான், ஆனால் கழுவ வாளியும் மக்கும் மட்டுமே. அடுத்த வாரம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். முழங்கால் வலி, குனிந்து நீர் மொள்ள அவரால் ஆகாது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மாட்டிக்கோங்க, டைல்ஸில் ஒரு கீறல் விழக்கூடாது" என்றார். பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில், மறுபேச்சு ஏது?

ஃப்ளஷ் டேங்குக்கு நீர் போகும் ஆங்கிள் வால்வைக் கழற்றி, இருவழி வால்வு (ஒரு வாய் டேங்குக்கு, இன்னொன்று ஃபாசெட்டுக்கு) போடலாம் என்று நினைத்தேன். எல்லாம் அரை இஞ்ச், டெஃப்லான் டேப்பும் வாங்கிவிட்டேன். ஆனால் போர் தண்ணீர் உப்பு மரையில் வெள்ளையாகப் படிந்து இறுகியிருக்கிறது. நேற்று ஸ்பேனரால் லேசாகத் திருகினேன். கிரீச்சென்றது, பயந்து விட்டுவிட்டேன். சுவருக்குள் முறிந்தால் அப்புறம் டைல்ஸையே உடைக்க வேண்டும்.

வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தால் இளகுமா? இல்லை, பழைய வால்வைத் தொடாமல் அதன் வாயிலேயே T வடிவ இணைப்பு மாட்டிவிடலாமா? அப்படியென்றால் ஃபாசெட்டுக்குத் தனியாக மூடும் வால்வு வேண்டுமே, இல்லாவிட்டால் ஹோஸில் எந்நேரமும் அழுத்தம் நிற்கும். கைப்பிடியைத் தொங்கவிட, டேங்கில் மாட்டும் கொக்கி தாங்குமா?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் பக்கம் பொறுமையான பிளம்பர் தெரிந்தாலும் சரி.