சாஃபிக் இளையோர் காதல் நாவல்கள்: திருகோணமலையில் இருந்து வாசிப்பவருக்கு எது ஒட்டும்?

நிலாவெளி வாசகி கேட்டது:

பெண்ணைப் பெண் காதலிக்கும் இளையோர் நாவல்கள், 'சாஃபிக் வை.ஏ.' என்று சொல்கிற வகை, இப்போது ஆங்கிலத்தில் நிறைய வருகின்றன. பட்டியல்களுக்குக் குறைவில்லை. ஆனால் "இதில் உன்னையே காண்பாய்" என்று சொல்லித் தரப்படும் புத்தகத்தை விரித்தால் காதல் விளங்குகிறது, காதலிக்கிற பிள்ளை இருக்கிற உலகம் விளங்கவில்லை. பதினாறு வயதில் கார் ஓட்டுகிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள், ஆரும் தட்டுவதில்லை. பள்ளி நடன விழாவுக்கு யாரோடு போவது என்று நூறு பக்கம். இங்கே ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு ரியூசனுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருபது நிமிசம் தனியாகக் கிடைப்பதே பெரிய காரியம்.

ஒட்டுகிற புத்தகத்தை வாங்குமுன் எப்படிக் கண்டுபிடிப்பது? சாவிலோ கட்டாயக் கலியாணத்திலோ முடியாது என்று எப்படி அறிவது? வீட்டில் எல்லாரும் எடுக்கிற போனில் எப்படி வாசிப்பது? தமிழில் எழுதிப் பார்க்க விரும்பினால் எங்கே இடறும்? அனுபவக் கதைகள் வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

உவர்மலை எழுதியது:

பட்டியல்கள் காதலியைக் காட்டி விற்கின்றன. நீங்கள் வீட்டைப் பார்த்துத் தேருங்கள்.

முத்தம் டப்ளினிலும் முத்தம்தான், டச்சுக்குடாவிலும் முத்தம்தான். வித்தியாசம் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களில் கிடக்கிறது: ஆர் பார்த்திருப்பார்கள், போன் ஆர் கையில், பிந்திப் போனால் என்ன சொல்வது, பெரியம்மாவுக்குச் செய்தி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும். அந்தப் பக்கங்கள் பிசகினால் வாசகி படலைக்கு வெளியே நின்றுவிடுவாள்.

அமேசனின் மின்னூல் செயலியான கிண்டிலில் இலவச மாதிரியை இறக்குங்கள். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வரும்; 300 பக்க நாவலுக்கு முப்பது பக்கம். அதற்குள் காதலி வராவிட்டாலும் பரவாயில்லை, தாய் வந்துவிட்டாளா என்று பாருங்கள். தாய், தங்கை, அம்மம்மா யாராவது ஒருவர் வாய் திறந்து பேசி, அந்தப் பேச்சுக்கு நாயகி ஒரு சின்னப் பொய்யாவது சொன்னால் வாங்கலாம். பெற்றோர் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்ற ஒரே வரியோடு மறைந்துவிட்டால் கதை நன்றாக இருக்கலாம், ஆனால் உங்களுக்கு அது சன்னல்தான். தன்னையே காட்டும் புத்தகம் கண்ணாடி, அடுத்தவர் உலகைக் காட்டுவது சன்னல் என்ற இந்த உவமை அமெரிக்கச் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரையில் இருந்து வருவது. எல்லாரும் எடுத்தாளுகிறார்கள், அதிலுள்ள ஒரு நுட்பத்தை விட்டுவிடுகிறார்கள்: வெளிச்சம் சரியாக விழுந்தால் சன்னலே கண்ணாடியாகும் என்கிறார். அந்த வெளிச்சம் பெரும்பாலும் குசினியில்தான் எரிகிறது.

இந்தச் சோதனையில் தேறுகிறவை: அடீபா ஜய்கிர்தாரின் 'த ஹென்னா வார்ஸ்' (2020). டப்ளினில் வாழும் வங்காளதேசக் குடும்பத்துப் பிள்ளை நிஷாத். பெற்றோரிடம் சொல்லும் காட்சியைக் கடைசிக்கு ஒத்திவைக்காமல் தொடக்கத்திலேயே வைக்கிறார். பிறகு வீட்டில் நடப்பது மௌனம். 'சனம் என்ன சொல்லும்' என்ற பயத்துக்கு எங்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. கவனிக்க: பள்ளியில் அவளுடைய விருப்பமில்லாமல் விசயம் பரப்பப்படுகிறது, அது சிலரை உலுக்கும். மென்மையான தொடக்கம் வேண்டுமானால் அவரே 2021-இல் எழுதிய 'ஹானி அண்ட் இஷூஸ் கைட் டு ஃபேக் டேட்டிங்'. ஹானி வங்காளதேச முஸ்லிம், இஷூ இந்திய வங்காளி. ஒரே மொழி, இரண்டு வகை வீடு. கிண்ணியாவும் உப்புவெளியும் ஒரே பஸ்ஸில் போகிற ஊருக்கு இது தூரமில்லை.

மலிண்டா லோவின் 'லாஸ்ட் நைட் அட் த டெலிகிராஃப் கிளப்' (2021) நடப்பது 1954-இல், சான் பிரான்சிஸ்கோவின் சீனர் பகுதியில். தகப்பனின் குடியுரிமைப் பத்திரம் பறிபோகலாம் என்ற பயமும் மகளின் காதலும் ஒரே வீட்டுக்குள் நடமாடுகின்றன. சோதனைச்சாவடி, அடையாள அட்டை என்று பழகிய குடும்பங்களில் இந்தப் புத்தகம் எதிர்பாராத இடத்தில் தைக்கும். உடல்நெருக்கக் காட்சிகள் உண்டு. சிநேகிதிக்குக் கலியாணம் பேசிவிடுகிற கதை வேண்டுமென்றால் சாரா ஃபாரிஸானின் 'இஃப் யூ குட் பி மைன்' (2013), தெஹ்ரானில் நடப்பது. இருவரும் சேரமாட்டார்கள், தெரிந்துகொண்டே எடுங்கள்.

இலங்கைத் தமிழ் வீடுதான் வேண்டும் என்றால் எஸ்.ஜே. சிந்துவின் 'மேரேஜ் ஒஃப் எ தவுசண்ட் லைஸ்' (2017). அம்மம்மா விழுந்துவிட்டதால் தாய் வீட்டுக்குத் திரும்பும் மகள் லக்கி. ஊருக்காகக் கட்டிய கணவனும் தன்பாலீர்ப்பாளர். வளர்ந்தோருக்கான நாவல், பதினாறு வயதுக்கு முதல் புத்தகமாக வேண்டாம். வீட்டுச் சோதனையில் மட்டும் நூற்றுக்கு நூறு.

முடிவை அறிவது இலேசு. வாசகர்கள் நூல்களை மதிப்பிடும் ஸ்டோரிகிராஃப் தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் உள்ளடக்க எச்சரிக்கைப் பக்கம் இருக்கிறது. வாசகர்களே போடுவது, கடுமை, நடுத்தரம், சிறிது என்று மூன்று படி. 'கடுமை'யில் சாவு, தற்கொலை, குடும்ப வன்முறை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பத்துப் பேர்கூடக் குறிக்காத புதுப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கலாம். வெறுமை என்றால் பாதுகாப்பு என்று எடுக்கக்கூடாது.

சோக முடிவு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. அமெரிக்காவில் 1952-இல் வந்த, இரு பெண்களின் காதலைச் சொன்ன 'ஸ்பிரிங் ஃபயர்' நாவலுக்கு மகிழ்ச்சியான முடிவைப் பதிப்பாளர் அனுமதிக்கவில்லை. தபால் பரிசோதகர்கள் பறிமுதல் செய்வார்கள் என்ற பயம். காதலின் இயல்பு சோகம் என்பதற்காக அல்ல, தபாலில் போகவேண்டும் என்பதற்காக எழுதிய முடிவு அது. நான்சி கார்டனின் 'ஆனி ஒன் மை மைண்ட்' (1982) இரு பெண்களையும் சேர்த்து வைத்தது. அந்த நூலைக் கன்சாஸில் ஒரு பள்ளி மாவட்டம் நூலகத்தில் இருந்து எடுத்தது. 1995-இல் நீதிமன்றம் திருப்பி வைக்கச் சொன்னது.

டொக்யாட் வீதி எழுதியது:

போன் விசயத்துக்கு நான் சொல்லுறன். ஒழுங்கு முக்கியம்: முதல் ஈமெயில், பிறகு கணக்கு, கடைசியாப் புத்தகம். ஆக்கள் தலைகீழாச் செய்துதான் மாட்டுப்படுறது.

புது ஈமெயில் ஒண்டு திறவுங்கோ, ஆனா அதைப் போனுக்குள்ள சேர்க்காதேங்கோ. சேர்த்தால் அமேசன் பற்றுச்சீட்டு புத்தகப் பேரோட மேல அறிவிப்பா வந்து நிக்கும். கிண்டில் செயலியில அறிவிப்பை முழுசா நிப்பாட்டுங்கோ. பிறகு முகப்புத் திரை விட்ஜெட்டைப் பாருங்கோ, அதில அட்டைப்படம் தெரியும். இந்த வகை நாவலுக்கு அட்டையிலேயே ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் கை கோத்து நிப்பினம். கடைசியாத் திறந்த செயலிகளைக் காட்டுற திரையிலும் பக்கம் அப்பிடியே தெரியும். வாசிச்சு முடிய அதைத் தள்ளி மூடவேணும். கனபேர் மறக்கிறது இதைத்தான்.

'இறக்கியதை அகற்று' எண்டு அழுத்தினால் கோப்புத்தான் போகும், அட்டை நூலகத்தில கிடக்கும். முழுசா அழிக்க அமேசன் கணக்கில உள்ளடக்கம், சாதனங்கள் பகுதிக்குப் போகவேணும். அழிச்சால் திரும்பக் காசு குடுத்துத்தான் எடுக்கலாம்.

வங்கிக் காட் ஆருடைய பேரில இருக்கோ அவருடைய நம்பருக்கு வங்கி எஸ்.எம்.எஸ். போகும். அதில கடைப்பேரும் தொகையும் இருக்கும், புத்தகப் பேர் இராது. அப்பாவின்ர காட் எண்டால் "அமேசனில என்ன வாங்கினனி?" எண்ட கேள்வி வரும், மறுமொழியை முதலே யோசிச்சு வையுங்கோ. அதே நாள் ஒரு பாடப் புத்தகமும் வாங்கினால் கேள்வி அதோட முடியும். தவறுதலா வாங்கினதை 7 நாளுக்குள்ள திருப்பலாம், கனக்க வாசிச்சிருக்கக் கூடாது.

ஓசியில எண்டால் ஏமாற்றம்தான் கூட. நூலக மின்னூலை இரவலாத் தாற லிபி செயலிக்கு அதோட சேர்ந்த நூலகம் ஒண்டின்ர அட்டை வேணும். 2022-இல புரூக்ளின் நூலகம் தொடங்கின இலவச இளையோர் அட்டையை எல்லாத் தளத்திலும் பரிந்துரைக்கினம். அது அமெரிக்காவில இருக்கிற 13 முதல் 21 வயதுக்காரருக்கு மட்டும், இங்க இருந்து முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதேங்கோ. இன்ரநெற் ஆக்கைவ் கடன் நூலகத்தில பதிப்பாளர்களின்ர வழக்குக்குப் பிறகு 5 இலட்சத்துக்கு மேல புத்தகம் எடுபட்டுப் போச்சு. பழைய தலைப்புகளைத் தேடிப் பாருங்கோ, புதுசு கஷ்டம். ரெலிகிராமில திருட்டுக் கோப்பு எடுக்கப் போறவை ஒண்டை யோசிக்கவேணும்: உங்கட நம்பரைச் சேமிச்சு வைச்சிருக்கிற ஆக்களுக்கு நீங்கள் ரெலிகிராமில சேர்ந்த செய்தி போகும்.

கடதாசிப் புத்தகம் எண்டால் பிரவுண் பேப்பர் உறை போடுறது வழக்கம். ஒண்டுக்கு மட்டும் போடாதேங்கோ. ராக்கையில உறை போட்ட ஒரே புத்தகத்தைத்தான் எல்லாரும் எடுத்துப் பாப்பினம்.

சாம்பல்தீவு 2 எழுதியது:

இதை வாசிக்கிறதே இங்க சட்டப்படி பிழை எல்லோ?

உவர்மலை எழுதியது:

இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு ஒரே பாலினத்தவருக்கு இடையிலான பாலியல் செயலைப் பற்றியது, வாசிப்பையோ ஒருவர் யார் என்பதையோ பற்றியது அல்ல. 1883-இல் வந்த சட்டம் அப்போது ஆண்களை மட்டும் குறித்தது. 1995 திருத்தத்தில் 'ஆண்' என்ற சொல் எடுபட்டு 'ஆள்' என்று ஆனதால் பெண்களும் உள்ளே வந்தார்கள். 2022-இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு இதை உரிமை மீறல் என்றது. 2023 மே மாதம், இதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் மட்டும் சட்டத்தை மாற்றாது. மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. நடைமுறையில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பொலிசை விட வீட்டு வட்ஸ்அப் குழுதான் கிட்ட இருக்கிறது. மனம் பாரமானால் 1926-க்கு எடுக்கலாம், தேசிய மனநல உதவி எண்.

மடத்தடி எழுதியது:

தமிழில் எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் இடறுவது உணர்ச்சி அல்ல, இலக்கணம்.

ஆண் பெண் காதலில் வினைமுற்றே ஆளைப் பிரித்துவிடும்: வந்தான், வந்தாள். இங்கே இரண்டு பேரும் வந்தாள். 'அவள் அவளுடைய கையைப் பிடித்தாள்' என்றால் யாருடைய கையை யார் பிடித்தது? பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பள்ளிக் கட்டுரை மாதிரி ஆகிவிடும். தமிழிடம் ஆங்கிலத்தில் இல்லாத இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று இவள், அவள். கதை யார் பக்கத்தில் நிற்கிறதோ அவள் இவள். ஓர் அத்தியாயம் முழுக்க மாற்றக்கூடாது. மற்றது தன். 'தன் கையை அவள் கையில் வைத்தாள்' என்றால் குழப்பமே இல்லை. 'நான்' என்று எழுதினால் பாதிச் சிக்கல் தானாகத் தீரும், இளையோர் நாவல்களில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. ஆனால் பெரியவர்கள் இருக்கிற காட்சிகளில் ஒரு பதினேழு வயதுக்காரிக்குத் தெரியாததை நீங்கள் சொல்ல முடியாது.

அடுத்தது விளிப்பு. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்தான். நெருக்கத்தைக் காட்ட அவர்கள் பார்வை, மூச்சு, இதயத்துடிப்பு என்று பக்கத்தை நிரப்புகிறார்கள். எங்களுக்கு நீங்கள், நீர், நீ என்று மூன்று படிக்கட்டு இருக்கிறது. இங்கே பல வீடுகளில் கணவன் மனைவி பேச்சில் 'நீர்' வரும். ரியூசனில் 'நீங்கள்' என்று தொடங்கியவள் ஒரு நாள் வாய் தவறி 'நீர் சாப்பிட்டனீரோ' என்று கேட்டால் அதற்குமேல் இதயத்துடிப்பு எழுதத் தேவையில்லை. மொழிபெயர்க்கிறவர்கள் இரண்டு பேரையும் முதல் பக்கத்தில் இருந்தே 'நீ' போட்டுப் பேசவிட்டு இந்தச் சொத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

'மச்சாள்' இன்னொரு கொடை. சிநேகிதியை அப்படிக் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அண்ணனுக்குக் கட்டிவைக்கக்கூடிய முறை அது என்பதை இரண்டு பேர் மட்டும் வேறு விதமாகக் கேட்பார்கள்.

பெற்றோரை இருத்தி வைத்து உண்மையைச் சொல்லும் காட்சியை அப்படியே தூக்கி வராதீர்கள். அது தனியாகப் போய் வாழ முடிகிற இடத்துக் கதையின் உச்சம். கிழக்கில் பல குடும்பங்களில் மகளுக்கு வீடு சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். ஆகவே அத்திவாரம் வெட்டுகிற நாளிலேயே கதையின் நெருக்கடி தொடங்கிவிடும், ஒருவரும் ஒன்றும் கேட்காமலே. சீமெந்து, கம்பி, ஓடு என்று வீடு உயர உயர அவளுக்கு நாள் குறையும். இந்த இயந்திரம் இருக்கும்போது நடன விழா எதற்கு?

சொல் தெரிவு: தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் இரண்டும் எழுத்தில் நிலைத்துவிட்டன, தமிழ்நாட்டு அரசும் 2022-இல் சொற்பட்டியல் வெளியிட்டது. கதைசொல்லியின் வரியில் போடலாம். பாத்திரத்தின் வாயில் போட்டால் துண்டுப்பிரசுரம் மாதிரி ஒலிக்கும்.

நிலாவெளி வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு சின்னச் சந்தேகம்: ஒருத்தி ஒரு வகுப்பு மேலே என்றால் 'அக்கா' என்றுதானே தொடங்கவேண்டும்? காதல் கதையில் அது உறுத்துமே.

மடத்தடி எழுதியது:

தொடங்கட்டும், உறுத்தட்டும். 'அக்கா' கழன்று 'நீர்' வருகிற இடம் கதையில் ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும், அதுவும் ஒரு சாதாரண வசனத்தின் நடுவில்: "கொப்பியைத் தாரும்" என்பது மாதிரி. அதற்குப் பிறகு அந்தச் சொல் திரும்ப வருவது தாய் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.