ஸ்ட்ரெய்ட்னர்ல ஒரு ரோலர்தான் பிரச்சனை, செட்டையே கழட்டணுமா?

ஒத்தரோலர்: எங்ககிட்ட 7 ரோலர் ஷீட் ஸ்ட்ரெய்ட்னர் (இரும்பு ஷீட்டை ரோலர்களுக்கு நடுவுல விட்டு நேராக்கற மெஷின்) இருக்கு, மேல 3 கீழ 4, எல்லாம் 80 மி.மீ டயா. ரெண்டு வாரமா ஷீட் அடிப்பக்கம் சின்னதா ஒரு புள்ளி, டேப் வெச்சு அளந்தா 251 மி.மீக்கு ஒண்ணு விழுது. கீழ ரெண்டாவது ரோலர்தான், தடவிப்பாத்தா நகத்துல தட்டுது. அதை மட்டும் கிரைண்டிங் போட்டு மாட்டலாம்னா ஃபோர்மேன் மொத்த செட்டையும் கழட்டுங்கிறாரு. ஓவரா இல்ல?

பழையஃபிட்டர்: அவரு சொல்றதுதான் சரி தம்பி. ஒண்ணை மட்டும் அரை மி.மீ கிரைண்ட் பண்ணா 79.5, உச்சி கால் மி.மீ இறங்கும், அதுக்காச்சும் ஷிம் (அடியில வைக்கற மெல்லிசு தகடு) போடலாம், ஆனா எல்லாத்தையும் ஒரே கியர்பாக்ஸ்தானே சுத்துது, நிமிஷத்துக்கு 30 மீட்டர் ஓட்டினா அந்த ஒரு ரோலர் மட்டும் கிட்டத்தட்ட 19 செ.மீ பின்தங்கி ஷீட்டை தேய்ச்சுக்கிட்டே இருக்கும். புள்ளிய எடுக்கப்போயி நீளத்துக்கும் கோடு வாங்கிட்டு வருவ.

கிரீஸ்கன்: அண்ணே எதுக்கு அரை மி.மீ? மொதல்ல ஷீட்ல விழறது குழியா மேடான்னு பாருங்க. குழின்னா ரோலர்ல ஸ்கேல் (ஷீட்லருந்து உதிர்ற துரு மாதிரி செதில்) ஒட்டி மேடாயிருக்கு, ஆயில் ஸ்டோன் (எண்ணெய் போட்டு தேய்க்கற சாணைக்கல்லு) போட்டு தேய்ச்சா போச்சு, மெஷினை லாக் பண்ணிட்டு கைய வைங்க. மேடுன்னா ரோலர்லயே பள்ளம், அப்பதான் கிரைண்டிங். சும்மா சும்மா செட்டை கிரைண்ட் பண்ணா ரோலர் மேல இருக்கற ஹார்டனிங் லேயர் (கடினமாக்கின மேல்படலம்) போயிடும், அப்புறம் ரோலர் வெண்ணெய் மாதிரி தேயும்.

ஒத்தரோலர்: குழிதான்! கல்லு போட்டேன், புள்ளி போயிடுச்சு 😀

பழையஃபிட்டர்: சந்தோஷம். அப்படியே ரோலர் நீளத்துக்கும் மைக்ரோமீட்டர் வெச்சியா?

ஒத்தரோலர்: இப்பதான் வெச்சேன். கீழ நாலுலயும் நடுவுல டயா 0.06 மி.மீ கம்மி. நாங்க ஓட்டறது பெரும்பாலும் குறுகல் ஷீட், நடுவுலயேதான் போகும்.

பழையஃபிட்டர்: பாத்தியா. அகல ஷீட் போட்டா ஓரத்துக்கு மட்டும் அதிகமா வளைவு விழுந்து ஓரம் அலை அலையா வரும். நாலும் தேஞ்சா நாலையும் ஒரே டயாவுக்குத்தான் கொண்டு வரணும், மேல மூணையும் சேத்து.

கிரீஸ்கன்: அலை வந்தாதானே? அகல ஷீட் எப்பவோ ஒண்ணு ஓடுது. குறுகல் ஷீட்டை கொஞ்சம் கொஞ்சமா பக்கவாட்டுல தள்ளி விட்டு ஓட்டினா தேய்மானம் பரவும், அடுத்த ஷட்டவுன் வரைக்கும் தாராளமா தாங்கும்.

பழையஃபிட்டர்: தள்ளி ஓட்டினா ஒரு பக்க பேரிங்தான் லோடு வாங்கும் தம்பி, கிரீஸ் அடிக்கறவனுக்கு அதுகூட தெரியலையா?

ஒத்தரோலர்: அய்யா சண்டை வேண்டாம், அடுத்த வாரம் அகல ஷீட் ஒரு லாட் வருது, ஓட்டிட்டு ஓரத்தை பாத்து சொல்றேன்.