சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பை அடக்க முடியவில்லை, என்ன செய்யலாம்?

நாலாம்வகுப்பு_டீச்சர் (கடலூர்):
மஞ்சக்குப்பம் பக்கம் நாலாம் வகுப்பு எடுக்கிறேன், 38 பிள்ளைகள். காலையில் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சத்துணவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் போதும், முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. லீடரை நிறுத்தி, பேசுகிறவர்கள் பேரைப் பலகையில் எழுதச் சொன்னேன். அவன் பிடிக்காதவன் பேரை எழுதுகிறான், ஒரு பென்சில் கொடுத்தால் அழித்துவிடுகிறான்! அடிக்கக் கூடாது, எனக்கு அடிக்கவும் மனசில்லை. நான் அறையில் இல்லாதபோதும் தானாக உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி பழக்க வழி உண்டா?

பழைய_வாத்தியார் (திருப்பாதிரிப்புலியூர்):
முதலில் அந்த லீடர் பட்டியலை நிறுத்துங்கள் அம்மா. அது பையனுக்கு லஞ்சம் வாங்கத்தான் கற்றுக்கொடுக்கிறது.

நானும் பிரம்பு வைத்திருந்தவன்தான், மறைக்க ஒன்றுமில்லை. 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடை செய்தபோது கை ஒடிந்த மாதிரி இருந்தது. (2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மனசை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. பலகையில் பேர் எழுதி அவமானப்படுத்துவதும் அதில் வராதா என்று யோசியுங்கள்.) அப்புறம்தான் கவனித்தேன், சத்தம் எல்லாம் உள்ளே வருகிற அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் அப்போது பிள்ளைக்கு வேலை ஒன்றும் கிடையாது. அதனால் உள்ளே வருவதையே ஒரு பாடமாக நடத்தினேன்: செருப்பு வாசலில், தட்டு பையில், ரெண்டு மடக்கு தண்ணீர், உட்கார்ந்து நோட்டைத் திற, பலகையில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கும். ஒரு வாரம் இதே ஒத்திகைதான். சரியாக வராவிட்டால் திட்டாமல் வெளியே அனுப்பி மறுபடி வரச் சொல்வேன். போர்ஷன் முடியாது என்று பயப்படாதீர்கள், அந்த ஒரு வாரம் வருஷம் முழுக்கத் திரும்பி வரும்.

முத்தியால்பேட்டை_பிஎட்:
குட் பிஹேவியர் கேம் முயற்சி செய்து பாருங்கள் மிஸ். 1969இல் அமெரிக்காவில் ஒரு நாலாம் வகுப்பில்தான் முதலில் செய்து பார்த்தார்கள். வகுப்பை ரெண்டு அணியாகப் பிரித்து, விதி மீறினால் அந்த அணிக்கு ஒரு கோடு. கோடு குறைவாக உள்ள அணிக்குச் சின்னச் சலுகை, இரண்டு அணியும் ஒரு அளவுக்குள் இருந்தால் இரண்டுமே ஜெயிக்கும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விதிதான், பக்கத்து அணியைக் கவிழ்க்கும் ஆசை வராது. பயிற்சிக்குப் போன வகுப்பில் நான் செய்தபோது ஒரே பையனால் கோடு ஏறி, இடைவேளையில் எல்லோரும் அவனைத் திட்டினார்கள். அந்த முதல் ஆய்விலேயே விளையாட மறுத்த ரெண்டு பிள்ளைகளைத் தனி அணியாக்கியிருக்கிறார்கள். எனக்கு அது முன்னாடியே தெரியாமல் போச்சு. நாள் முழுக்க வேண்டாம், ஒரு பீரியட் போதும்.

ஒரு_அப்பா (வில்லியனூர்):
தினமும் பலகையில் பேர் வந்த பையனின் அப்பா நான். வீட்டில் நானும் சேர்ந்து திட்டினேன். கடைசியில் பார்த்தால் அவனுக்குப் பலகை தெரியவில்லை, பக்கத்துப் பையனைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறான், அதுதான் அந்தப் பேச்சு. கண்ணாடி போட்டதும் பேர் வருவது நின்றது. திட்டியதை நினைத்தால் இன்னும் சங்கடம்.

நாலாம்வகுப்பு_டீச்சர் (கடலூர்):
மூன்று வாரம் ஆச்சு. கோடு விளையாட்டை இன்னும் தொடவில்லை, முதலில் ஐயா சொன்ன ஒத்திகை. மூன்றாம் நாள் நானே பொறுமை இழந்து கத்தினேன், நாலாம் நாள் மறுபடி முதலிலிருந்து. நேற்று எச்.எம். கூப்பிட்டுப் பத்து நிமிஷம் போய்விட்டு வந்தேன், சத்தம் இருந்தது, ஆனால் எல்லா நோட்டும் திறந்திருந்தது, பாதிப் பேர் கணக்கை முடித்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் பிள்ளைக்குப் பலகை மங்கலாகத் தெரிகிறதாம், அவள் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். லீடர் இப்போது தண்ணீர்க் குடம் நிரப்புகிறான். பென்சில் வரவு நின்றதில் கொஞ்சம் வருத்தம் போல.