மொரிஸ் மைனர் டிஃப் மாற்றுவது: 4.22 போடுவதா, 3.9 போடுவதா?

டிக்கோயா மைனர்:

அண்ணன்மாரே, என்னிடம் இருப்பது 1959 மைனர் 1000, 948 சி.சி. எஞ்சின். வாங்கி வீட்டிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வருகிறேன். எஞ்சின், பிரேக் எல்லாம் இப்போது சரி, பின்னால் டிஃபரன்ஷியல்தான் (டிஃப், எஞ்சின் சுழற்சியைப் பின்சில்லு இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) தொல்லை. நோர்வூட் பக்கம் ஏறும்போது எக்சலரேட்டரை மிதித்தால் ஊளையிடுகிறது, காலை எடுத்தால் சத்தம் வேறு மாதிரி ஆகிறது, கிளச்சை விடும்போது டங்கென்று ஒரு அடி. ஒயிலை இறக்கிப் பார்த்தேன். மினுமினுவென்று இரும்புத் தூள், கூடவே அரிசி அளவில் ஒரு பல் துண்டு.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் இரண்டு டிஃப் இருக்கிறது. ஒன்று 1098 சி.சி. மைனரில் கழற்றியது, பல் விகிதம் 4.22. மற்றது எம்.ஜி. மிட்ஜெட்டினுடையது, 3.9. 3.9 போட்டால் கொழும்புக்குப் போகும்போது எஞ்சின் கத்தாது என்கிறார் கடைக்காரர். இரண்டும் என் காருக்குப் பொருந்துமா, எதை எடுக்கலாம்? கராஜ் வரைக்கும் கட்டி இழுத்துப் போக வழியில்லை, தம்பியும் நானும் வீட்டிலேயே மாற்றலாமென்று நினைக்கிறோம். முற்றம் கொஞ்சம் சரிவு, மழைக்கு மண் இளகியும் விடும்.

கொட்டகலை பழைய கார்:

பல் துண்டு வந்துவிட்டதென்றால் இனி ஓட்டவே வேண்டாம் தம்பி. அடுத்த துண்டு பல்லுக்கு இடையில் சிக்கினால் பின்சில்லு ஓடுகிற ஓட்டத்தில் இறுகிவிடும், நம் வளைவுகளில் அது நடக்கக் கூடாது. மற்றவர்களுக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன், டங்கென்று அடிப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் முதலில் பிரப்பலர் ஷாஃப்டின் (கியர் பெட்டியிலிருந்து டிஃபுக்குப் போகும் நீளத் தண்டு) யு.ஜே.யை, அதாவது முனையில் உள்ள மடங்கும் இணைப்பைப் பாருங்கள். எக்சலரேட்டருக்கு மாறாமல், வளைவில் மட்டும் மாறுகிற இரைச்சல் என்றால் சில்லு பேரிங். மிதிக்க ஒரு சத்தம், விட ஒரு சத்தம் என்றால்தான் டிஃப்.

இரண்டுமே பொருந்தும். மைனருக்கும் மிட்ஜெட்டுக்கும் ஒரே வகை அச்சுதான், முன்பக்கமாக எட்டு நட்டைக் கழற்றினால் டிஃப் முழுசாகக் கையில் வந்துவிடும். ஆனால் 948 எஞ்சினுக்கு, அதுவும் டிக்கோயாவில், 3.9 போடாதீர்கள். உங்கள் காரில் கம்பெனி போட்டது 4.555. அதாவது சில்லு ஒரு சுற்றுச் சுற்ற பிரப்பலர் நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றும். 3.9க்கு இறங்கினால் ஒவ்வொரு கியரிலும் இழுவை கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு போய்விடும். இப்போது மூன்றில் ஏறுகிற இடத்தில் இரண்டு கேட்கும், இரண்டில் ஏறுகிற இடத்தில் ஒன்று கேட்கும். மைனரின் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓட்டத்தில் கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. ஆள்களை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தின் நடுவில், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்க, ஓடுகிற காரை ஒன்றுக்கு இறக்குவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பெரிய கவலை. 948 காருக்கு நாலு சில்லிலும் 7 இஞ்சி பிரேக் டிரம். கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது காரைப் பாதி பிடித்து வைப்பது எஞ்சின்தான். டிஃப் விகிதம் குறைந்தால் அந்தப் பிடியும் குறையும், மிச்சத்தை பிரேக்தான் சுமக்க வேண்டும், சூடேறிய டிரம் பிடிக்காது. 4.22 எடுங்கள். 4.555 நல்லதாகக் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

கண்டி 1098:

அண்ணன் சொல்வதை 948க்கு ஒத்துக்கொள்கிறேன், எல்லா மைனருக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னுடைய காரில் 1098 எஞ்சின், முன்னால் 8 இஞ்சி டிரம், 3.9 போட்டு ஓடுகிறேன். கடுகண்ணாவை ஏறுவதில் குறையில்லை, கொழும்பு ரோட்டில் எஞ்சின் எவ்வளவோ அமைதி. ஆனால் நுவரெலியாவுக்கு ரம்பொடை வழியாகப் போனால் இரண்டாம் கியரிலேயே நெடுநேரம் கிடக்க வேண்டியிருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கார் எங்கே அதிகம் ஓடுகிறதோ அதற்குத்தான் டிஃப்.

இன்னொன்று, ஸ்பீட் மீட்டர் கேபிள் கியர் பெட்டியிலிருந்து வருவதால் டிஃப் மாறினது அதற்குத் தெரியாது. 4.22 போட்டபின் மீட்டர் 40 மைல் காட்டும்போது நீங்கள் உண்மையில் 43இல் போவீர்கள்.

டிக்கோயா மைனர்:

நன்றி அண்ணன், 4.22தான் எடுக்கிறேன். கடையில் அது 4.22 என்று நான் எப்படி உறுதி செய்வது? கடைக்காரர் வாயால் சொன்னதுதான், எழுதி ஒன்றும் இல்லை.

பண்டாரவளை ஸ்பேனர்:

ஒரு சோக்குக் கட்டி கொண்டு போங்கள். பெரிய பல்சக்கரத்தில் ஒரு கோடு, முன்னால் பிரப்பலர் பூட்டும் பிளேஞ்சில் (வட்டத் தட்டில்) ஒரு கோடு. பெரிய சக்கரம் சரியாக ஒரு சுற்று வரும்வரை பிளேஞ்சைக் கையால் சுற்றி எண்ணுங்கள். நாலு சுற்று முடிந்து கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் 4.22, நாலு சுற்று முடியுமுன்பே வந்துவிட்டால் 3.9. நேரம் இருந்தால் பல்லையே எண்ணலாம்: 4.22க்குப் பெரியதில் 38, சிறியதில் 9. 3.9க்கு 39, 10. எண்ணும்போதே பல்லின் முகத்தையும் பாருங்கள். வழவழவென்று ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் பரவாயில்லை, அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் வேண்டாம். இதிலிருந்து பெரியதும் அதிலிருந்து சிறியதும் எடுத்துச் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், அவை ஜோடியாக ஓடித் தேய்ந்தவை.

இனி வீட்டு வேலை. உங்கள் பதிவில் எனக்குப் பயமாக இருந்தது அந்தச் சரிவு முற்றம்தான். மைனரின் ஹேண்ட் பிரேக் பின்சில்லை மட்டும்தான் பிடிக்கும். பின்னால் தூக்கிவிட்டால் அது இல்லை. பிரப்பலரைக் கழற்றினால் கியரில் போட்டு வைத்தாலும் பயனில்லை. அப்புறம் காரைப் பிடித்திருப்பது முன்சில்லுக்கு நீங்கள் வைத்த கட்டை மட்டுமே, அந்த நேரம் நீங்கள் காருக்கு அடியில் கிடப்பீர்கள். தயவுசெய்து சமதரைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். கொழுந்து மடுவத்துக்கு (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) முன்னால் சிமெந்துத் தரை இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் வரமாட்டார்கள். முன்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை, ஸ்டாண்ட் இரண்டும் அச்சுக் குழாய்க்கு அடியில் ஸ்பிரிங் பக்கமாக. வெறும் ஜக்கை நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விட வேண்டாம். மண்தரைதான் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை வேண்டும்.

ஒயிலை இறக்குவதற்கு முன் ஊற்றுகிற மூடி கழல்கிறதா என்று பாருங்கள். இறுகிப் போயிருந்தால் புது ஒயிலை ஊற்ற வழியிருக்காது. மில்லிமீற்றர் ஸ்பேனரைப் போடாதீர்கள், இது இஞ்சி கார், அரை இஞ்சி நட்டில் 13ஐப் போட்டால் மூலை உருண்டுவிடும். டிரம்மைக் கழற்றி, ஹாஃப் ஷாஃப்ட் (டிஃபிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டு) பிளேஞ்சில் உள்ள திருகை எடுத்தால் ஷாஃப்ட் வெளியே வரும். பிரேக் பைப்பைத் தொட வேண்டியதில்லை, அதனால் காற்று எடுக்கிற வேலையும் இல்லை. ஷாஃப்ட் இரண்டிலும் இடது, வலது என்று குறி போட்டு வையுங்கள், இத்தனை வருடம் ஒரு பக்கமாக முறுக்குண்டு பழகியதை மாற்றிப் போட்டால் முறியலாம். பிரப்பலரின் பின் முனையை மட்டும் கழற்றிக் கம்பியால் ஒரு பக்கமாகக் கட்டி வையுங்கள். முன்பக்கம் உருவி வந்தால் கியர் பெட்டி ஒயில் கொட்டிவிடும். டிஃப் பாரம், தம்பியும் கூட இருந்து தாங்கிப் பிடிக்கட்டும்.

அச்சுக்குள்ளே மண்ணெண்ணெய் விட்டு நன்றாகக் கழுவுங்கள். உடைந்த பல்லின் மிச்சம் குழாய்க்குள் கிடந்தால் புது டிஃபும் கெட்டுப்போகும். புதுப் பேப்பர் பேக்கிங் (ஒயில் கசியாமல் இடையில் வைக்கும் தாள்) போடுங்கள், சில்லுப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். அச்சின் காற்றுத் துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் ஒயில் பிரேக் ஷூவுக்கு வரும்.

கொட்டகலை பழைய கார்:

ஒயில் விஷயம் நான் சொல்கிறேன். டிஃபுக்கு ஈ.பி. 90 கியர் ஒயில், கிட்டத்தட்ட 850 மில்லி, மூடி வாய் வரை வந்தால் போதும், கார் சமமாக நிற்கும்போது ஊற்றுங்கள். மைனரின் கியர் பெட்டிக்குப் போவது எஞ்சின் ஒயில், இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள். முதலில் ஹட்டன் வரை மெதுவாகப் போய் வந்து, டிரம்மைத் தொட்டுச் சூடு பாருங்கள், அடியில் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், எட்டு நட்டையும் இன்னொரு தடவை இறுக்குங்கள்.

டிக்கோயா மைனர்:

மடுவத்துத் தரைக்குக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன், சரி என்றுவிட்டார். டிஃப் கையில் வந்ததும் பல்லை எண்ணிவிட்டு எழுதுகிறேன்.