பெல்லட் அடுப்பு அடிக்கடி அணைகிறதா? எத்தனையாவது நிமிடத்தில் என்று முதலில் பாருங்கள்

முந்தாநாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு தம்பி போன் செய்தார். குளிர்நாட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வாடகை வீடு; சூடாக்க இருப்பது ஒரே ஒரு பெல்லட் அடுப்பு. “அண்ணா, போட்டதும் நல்லாத்தான் எரியுது. கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிடுது. திரும்பப் போட்டா திரும்பவும் அதேதான். கைக்குழந்தை இருக்கு, என்ன பண்றதுன்னே தெரியல” என்றார்.

“சரியா எத்தனையாவது நிமிஷத்துல அணையுது?” என்று கேட்டேன். அவர் கவனிக்கவில்லை. என் முதல் குளிர்காலத்தில் நானும் கவனிக்கவில்லை. அதற்காக நிறையப் பணம் செலவழித்தேன். அந்த நிமிடக் கணக்கில்தான் பாதி விடை இருக்கிறது. அதனால் அவருக்குச் சொன்னதைப் புதிதாக வந்திருக்கும் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நம்மில் பலர் இந்த அடுப்பை வெளிநாடு வந்த பிறகுதான் பார்க்கிறோம். மரத்தூளை அழுத்திச் செய்த, பெரும்பாலும் 6 மி.மீ. தடிமனுள்ள குட்டிக் குச்சிகள்தான் பெல்லட். தொட்டியில் கொட்டினால், ஆகர் என்ற திருகுத்தண்டு மெதுவாகச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக் கிண்ணத்தில் தள்ளும். இக்னைட்டர் என்ற மின்சூட்டுக் கம்பி பழுக்கக் காய்ந்து பற்றவைக்கும். ஒரு ஃபேன் புகையை வெளியேற்றும். அந்த இழுப்பில்தான் கிண்ணத்தின் ஓட்டைகள் வழியாக நெருப்புக்குக் காற்று வரும். இன்னொரு ஃபேன் சூட்டை அறைக்குள் தள்ளும். விறகடுப்பின் புகைக்கூண்டு மாதிரி தன்னால் இழுத்துக்கொள்ளாது, புகை வெளியே போவது அந்த ஃபேனை நம்பித்தான்.

ஆகவே அடுப்பு எந்நேரமும் மூன்று விஷயங்களைச் சோதித்துக்கொண்டே இருக்கும். நெருப்பு பிடித்ததா, புகை ஒழுங்காக வெளியே போகிறதா, அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதா. ஒன்று தப்பினாலும் ஆகரை நிறுத்திவிடும். நெருப்பு தானாக அடங்கும். அந்தச் சென்சார்கள் உங்கள் குடும்பத்துக்காகத்தான் இருக்கின்றன, அவற்றின் மேல் கோபப்படாதீர்கள்.

பற்றவைத்து 15 - 20 நிமிடத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில் தினமும் அணைகிறதா? நெருப்பு பிடித்ததை அடுப்பால் உறுதிசெய்ய முடியவில்லை என்று அர்த்தம். புகை போகும் வழியில் ஒரு வெப்ப சென்சார் இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் அது சூடாகாவிட்டால் “நெருப்பு இல்லை” என்று முடிவுகட்டிவிடும். எத்தனை நிமிடம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சென்சாரே கெட்டிருக்கலாம்தான், ஆனால் முதல் சந்தேகம் கிண்ணத்தின் மேல் விழட்டும். ஆறிய பிறகு அதைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். அடியில் கண்ணாடி மாதிரி உருகி இறுகிய சாம்பல் கட்டி இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, ஓட்டைகளை ஓர் ஆணியால் குத்தி விடுங்கள். திரும்ப வைக்கும்போது கிண்ணம் சாயாமல் படிந்து உட்கார வேண்டும். கீழே ஒரு மணல் அளவு சாம்பல் சிக்கிக் கிண்ணம் தூக்கிக்கொண்டாலும் காற்று ஓட்டைகளை விட்டுவிட்டு அந்த இடுக்கு வழியாகப் போய்விடும்.

சுடரைப் பார்த்தே பாதி கண்டுபிடிக்கலாம். காற்று சரியாகக் கிடைத்தால் சுடர் குட்டையாக, வெளிர் மஞ்சளாக, துடிப்பாக எரியும். நீளமாக, ஆரஞ்சு நிறத்தில், நுனி கறுத்து மந்தமாக ஆடினால், கதவுக் கண்ணாடி ஒரே நாளில் கரியேறினால், எங்கோ அடைப்பு அல்லது கசிவு.

நேரம் காலம் இல்லாமல் அணைவது வேறு நோய். என் வீட்டில் இருந்தது அதுதான். ஒருநாள் ஐந்து நிமிடத்தில், ஒருநாள் இரண்டு மணி நேரத்தில். வந்த மெக்கானிக் கண்ட்ரோல் போர்டை மாற்றச் சொன்னார், மாற்றினோம். அன்றிரவே திரும்ப அணைந்தது. மறுநாள் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறிய பிறகு, பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். வேக்வம் ஸ்விட்ச் என்று உள்ளங்கையில் அடங்கும் வட்டமான ஒன்று இருக்கும். புகை ஃபேனின் இழுவிசை போதுமா என்று பார்ப்பது அதன் வேலை. அதிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போய் அடுப்பின் உடம்பில் உள்ள சின்ன உலோக முனையில் மாட்டியிருக்கும். குழாயை உருவினேன். முனையின் வாயில் சாம்பல் பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே விட்டுச் சுழற்றியதும் சாம்பல் உதிர்ந்தது. அந்த இரண்டு நிமிட வேலைக்காக ஒரு போர்டின் விலையைக் கொடுத்திருந்தேன்.

நீங்கள் செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள். குழாய் ஸ்விட்சில் மாட்டியிருக்கும்போது வாயால் ஊதக் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கெட்டுவிடும். குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்தும் பாருங்கள்.

முனை வரை சாம்பல் வந்துவிட்டது என்றால் உள்வழி முழுவதும் அடைந்திருக்கிறது என்று பொருள். எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று கேட்பீர்கள். இ.என்.பிளஸ் ஏ1 என்ற உயர்தர முத்திரையுள்ள பெல்லட்டிலேயே 0.7 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். ஒரு டன் எரித்தால் 7 கிலோ வரை. அதில் ஒரு பங்கு சாம்பல் தட்டில் விழாமல் பறந்து, நெருப்பறையின் பின்தகடுகளுக்குப் பின்னாலும், புகை ஃபேனின் இறக்கைகளிலும், வீட்டுக்கு வெளியே புகைக்குழாய் திரும்பும் டி (T) வடிவ முனையிலும் படியும். கிண்ணத்தை மட்டும் தினமும் துடைத்துவிட்டு இந்த இடங்களை விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. டி முனையின் அடிமூடியைத் திறந்தாலே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். குழாய்ச் சுத்தம் வருடத்துக்கு ஒருமுறையாவது கட்டாயம்.

இழுவிசை குறைய இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கதவைச் சுற்றியுள்ள கயிறு போன்ற கேஸ்கெட் நைந்துபோவது. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன். குளிர்நாட்டு வீடுகள் பலவற்றில் காற்று புக இடுக்கே இருக்காது. அந்த ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே இழுக்க, அடுப்புக்குக் காற்று போதாமல் போகும். ஃபேன் ஓடும்போது மட்டும் அணைகிறதா என்று பாருங்கள்.

மணிக்கணக்கில் நன்றாக எரிந்துவிட்டு அணைந்தால், தொட்டியில் கையை விட்டுப் பாருங்கள். சில சமயம் மேலே பெல்லட் நிறைய இருக்கும், ஆகருக்கு மேல் வெற்றுக்குழியாக இருக்கும். அடியில் தேங்கிய மரத்தூளும் இதைச் செய்யும். தொட்டியை அவ்வப்போது காலியாக்கித் தூளை எடுத்துவிடுங்கள். ஈரம் பட்ட பெல்லட் ஊதி உதிர்ந்துவிடும், அதைப் போடவே வேண்டாம். அதிக வேகத்தில் வைத்தால் மட்டும் அணைகிறது என்றால் அறை ஃபேனில் தூசி, சூடு வெளியே போகாமல் உள்ளேயே தேங்குகிறது.

இனி நான் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. எந்த சென்சாரையும் ஒயர் போட்டு நேரடியாக இணைத்துவிட்டு அடுப்பை ஓட்டாதீர்கள், இணையத்தில் யார் செய்து காட்டினாலும் சரி. எரியும்போது ப்ளக்கைப் பிடுங்காதீர்கள். புகை ஃபேன் நின்று புகை வீட்டுக்குள் வரும். பற்றாமல் போன அடுப்பைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் பெல்லட் குவியும், புகை தேங்கும், பிறகு ஒரேயடியாகக் குப்பென்று பிடிக்கும். கிண்ணத்தைக் காலிசெய்த பிறகே மறுமுயற்சி. சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் உயிரோடு இருக்கும், ஆகவே சாதாரண வேக்வம் கிளீனர் வேண்டாம். மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் இருந்தால், அடுப்பைப் பார்ப்பதற்கு முன் அதை வாங்குங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

வாடகை வீடென்றால் தகடுகளைக் கழற்றும் முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். புகைக்குழாயைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்றும் கேளுங்கள். மெக்கானிக் வந்தால் “அணைகிறது” என்று மட்டும் சொல்லாமல், எந்த நிமிடத்தில், திரையில் என்ன எரர் கோடு, சுடர் எப்படி இருந்தது என்று எழுதியதைக் காட்டுங்கள். வேண்டாத பாகத்தை மாற்றச் சொல்வது அப்போது குறையும்.

தம்பி அன்றிரவே நேரம் பார்த்துச் சொன்னார்: 17 நிமிடம். கிண்ணத்தை வீடியோவில் காட்டினார், பாதிக்கு மேல் ஓட்டைகள் அடைந்திருந்தன. சுத்தம் செய்து போட்டதில் காலை வரை எரிந்திருக்கிறது. ஆனால் கண்ணாடி இன்னும் சீக்கிரம் கறுக்கிறது என்கிறார். சனிக்கிழமை காகிதத்தை வைத்துக் கதவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.